அமானிதமும் ஆயுளும்: பெருநிதித் தொழிலின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இடையில் அத்திப்பள்ளியில் மாநில எல்லை. ஒரு தலைமுறைக்கு முன் இவ்வட்டாரத்துத் தந்தையரின் கனவு, மகனுக்குச் சிப்காட்டில் ஒரு வேலை என்பதாக இருந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆகிய பெயர்கள் பெண் பார்க்கும் வீடுகளில் மதிப்புடன் உச்சரிக்கப்பட்டன. இன்றோ படித்த இளைஞர் பலர் எல்லையைக் கடந்து செல்கின்றனர். உலகின் பெரும் முதலீட்டு வங்கிகள் பெங்களூரில் அமைத்துள்ள பணிமையங்கள் அவர்களை அழைக்கின்றன. அங்கே வேலை நேரத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை. இலண்டன், நியூயார்க் நகரங்களின் கடிகாரங்களே தீர்மானிக்கின்றன.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய இளைஞர் ஒருவரின் தந்தை நம்மிடம் வந்தார். அவர் கூறியது இது: "ஹஜ்ரத், பையன் நன்றாகச் சம்பாதிக்கிறான். அவன் அக்காவின் நிக்காஹ் அவன் பணத்தில்தான் நடந்தது. ஆனால் ஒரே வீட்டில் இருந்தும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டு ஆறு மாதமாகிறது. போன ரமளானில் ஒரு நாள்கூடத் தராவீஹுக்கு வரவில்லை. இப்போது இலண்டனுக்குப் போக வேண்டும், பெரிய பேங்கராக வேண்டும் என்கிறான். தடுப்பதா, அனுப்புவதா?"

அவர் எதிர்பார்த்தது ஆகும், ஆகாது என்ற ஒற்றைச் சொல். அவ்வாறு சொல்ல நமக்கு நா எழவில்லை. வட்டியோடு தொடர்புள்ள பணியின் சட்டம் ஒரு கேள்வி. அப்பணியின் உச்சியை அடைய மனிதன் எதை விலையாகக் கொடுக்கிறான் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை கூறும் நூல்கள் பல உள்ளன. இரண்டாவதற்கு வரலாற்றையே அணுக வேண்டும். அவருக்கு விடை சொல்லச் சில நாள் தவணை கேட்டோம். அத்தவணையில் நாம் எண்ணியவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

தொழிலும் அதன் ஏணியும்

முதலீட்டு வங்கி என்பது நாம் கணக்கு வைத்திருக்கும் வங்கியைப் போன்றதன்று. தொழிற்சாலை தொடங்க முதல் தேவைப்படும் நிறுவனத்துக்கும், பணம் வைத்திருப்போருக்கும் இடையே அது நிற்கிறது. பங்குகளை வெளியிட்டு விற்றுத் தருதல், கடன் பத்திரங்களை ஏற்பாடு செய்தல், ஒரு நிறுவனத்தை மற்றொன்று வாங்கும்போது விலை மதித்தல் ஆகியவை அதன் பணிகள். இங்கிலாந்தில் இதனை 'மெர்ச்சன்ட் பேங்க்' என்றனர். இந்தியாவில் 1967-இல் கிரிண்ட்லேஸ் வங்கி இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. 1992-இல் செபி விதிகள் வந்தபோதும் 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்ற பெயரே சட்டத்தில் இடம் பெற்றது.

இத்தொழிலின் ஏணி நெடியது. பெயர் பெற்ற கல்லூரியில் பட்டம், பின் அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட், டைரக்டர், இறுதியில் மேனேஜிங் டைரக்டர். இடையிலே எம்.பி.ஏ. பட்டத்துக்காக இரண்டாண்டுகள் கழிவதும் உண்டு. உச்சிப் படியை எட்டப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். அவை இருபத்திரண்டு வயதுக்கும் முப்பத்தேழு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள்; மனிதன் மணம் முடித்து, மக்களைப் பெற்று, பெற்றோரின் முதுமையைக் காணும் ஆண்டுகளும் அவைதாம்.

பிறர் பொருளைப் பெற்றுத் தொழிலில் ஈடுபடுத்துவது நம் மரபுக்குப் புதிதன்று. ஆகவே நம் முன்னோரில் இப்பணியைச் செய்த ஒருவரை முதலில் நோக்குவோம்.

சுபைர் (ரலி) அவர்களின் கணக்கு

நபி (ஸல்) அவர்களின் நெருங்கிய தோழரான சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களிடம் மதீனத்து மக்கள் தம் பொருளை அமானிதமாக ஒப்படைக்க வருவர். அவர்கள் அதனை அமானிதமாக ஏற்க மாட்டார்கள். அது தொலைந்து விடலாம் என அஞ்சி, கடனாகத் தருமாறு கேட்டுப் பெறுவார்கள். இந்த வேறுபாட்டின் நுட்பம் எண்ணத்தக்கது. அமானிதப் பொருள், காப்பவரின் குற்றமின்றி அழிந்தால் அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவரல்லர். கடனோ எந்நிலையிலும் திருப்பித் தரவேண்டியது. பொருளைத் தொழிலில் ஈடுபடுத்தும் உரிமையைப் பெற்றுக்கொண்ட அப்பெருமகன், இழப்பின் சுமை முழுவதையும் தம் தோள்மீதே ஏற்றிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரின் நாளில் அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்தார்கள். அந்நாளில் தம் மனத்தை மிகவும் வாட்டுவது தம் கடனே என்றார்கள். கணக்கிட்டபோது அது 22 இலட்சமாக இருந்தது. அவர்கள் ஆளுநர் பதவியோ வரி தண்டும் பதவியோ வகித்ததில்லை என்பதையும் புகாரியின் அறிவிப்பு சேர்த்துச் சொல்கிறது. ரொக்கம் எதுவும் இல்லை. நிலங்களும், மதீனா, பஸ்ரா, கூஃபா, எகிப்து ஆகிய இடங்களில் வீடுகளும் இருந்தன. 1,70,000-க்கு வாங்கப்பட்ட ஃகாபா நிலம் 16 இலட்சத்துக்கு விலை போயிற்று. கடன் முழுவதும் தீர்ந்தது.

அதன் பின்னரும் வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிட அப்துல்லாஹ் (ரலி) உடன்படவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், தம் தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் உளரோ என அறிவிப்புச் செய்தார்கள். அதற்குப் பின்பே பங்கீடு நடந்தது. நிதித் தொழிலில் சிறந்து விளங்கிய ஒருவரின் வாழ்வு மதிக்கப்பட வேண்டிய அளவுகோல் இங்கே தென்படுகிறது. எத்தனை ஈட்டினார் என்பதைவிட, இழப்பை யார் தலையில் வைத்தார், கடைசிக் கணக்கை எப்படி முடித்தார் என்பவையே முதன்மையான வினாக்கள்.

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு நம் மண்ணுக்குத் திரும்புவோம்.

எல்லையின் இரு புறம்: 1792–1799

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தின் ஊடாகவே ஓர் எல்லை ஓடிற்று. 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாரமஹால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. பாலாகாட் எனப்பட்ட ஓசூர்ப் பகுதியோ 1799-இல் திப்பு சுல்தான் வீரமரணம் எய்தும் வரை மைசூர் அரசின் கீழ் இருந்தது. அவ்வேழாண்டுகளில் இவ்வெல்லையின் இரு புறத்திலும் இரு வேறு நிதி முறைகள் நிலவின.

திப்பு சுல்தான் தம் அரசின் வணிகத்துறையில் குடிமக்களும் முதலிட வழி வகுத்தார். அவரது வணிக ஒழுங்குமுறைகளின்படி 5 முதல் 500 ரூபாய் வரை முதலிடுவோர்க்கு ஆண்டிறுதியில் நூற்றுக்கு 50, 500 முதல் 5,000 வரை முதலிடுவோர்க்கு 25, அதற்கு மேற்பட்டோர்க்கு 12 என இலாபம் வகுக்கப்பட்டது. பெருஞ்செல்வனுக்குக் குறைந்த வீதம், எளியவனுக்கு உயர்ந்த வீதம்! இன்றைய நிதிச் சந்தையில் நடப்பதற்கு இது நேர் எதிரானது. எனினும் ஒன்றை நேர்மையாகக் கூற வேண்டும். இலாபம் என்ற பெயரிலாயினும் முதலுக்கு இத்தனை என்று வீதத்தை முன்கூட்டியே உறுதி செய்வதை முளாரபா என ஃபிக்ஹு நூல்கள் ஏற்கமாட்டா. முளாரபாவில் கிடைத்த இலாபத்தின் பங்குதான் பேசப்படும். இழப்பு நேர்ந்தால் அது முதலிட்டவரைச் சேரும். திப்புவின் திட்டத்தைப் போற்றுவோர் இவ்வேறுபாட்டையும் மறத்தலாகாது.

எல்லையின் மறுபுறத்தில் கம்பெனியின் வழக்கிலும் 'இன்வெஸ்ட்மென்ட்' என்ற சொல் இருந்தது. அதன் பொருள் வேறு. இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டிய துணி முதலிய சரக்குகளை ஆண்டுதோறும் கொள்முதல் செய்வதையே அவர்கள் அவ்வாறு அழைத்தனர். இந்திய நிலவரியின் மிச்சம் அக்கொள்முதலுக்குப் பயன்பட்டது. உழவனிடம் வரியாக வாங்கிய பணத்தைக் கொண்டு நெசவாளனின் துணியை வாங்குவது இதன் சாரம். இங்கே முதல் இட்டவன் உழவன். இலாபம் அவனுக்கு இல்லை.

கம்பெனியின் வணிக ஊழியர்க்கும் ஓர் ஏணி இருந்தது: ரைட்டர், ஃபேக்டர், ஜூனியர் மெர்ச்சன்ட், சீனியர் மெர்ச்சன்ட். பதினாறு, பதினெட்டு வயதுச் சிறுவர்கள் கப்பலேறி வந்து முதற்படியில் கால் வைத்தனர். படைப்பிரிவின் வழியே வந்து, வருவாய்த் துறையில் உச்சியை எட்டியவர்களும் உளர். அவர்களுள் ஒருவர் நம் மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்புடையவர்.

தாமஸ் மன்றோ கொடுத்த விலை

தாமஸ் மன்றோ 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்கப் போர் அவ்வணிகத்தை அழித்தது. பல்கலைக்கழகத்தில் பயின்று வணிக அலுவலகம் ஒன்றில் பணியாற்றிய மகன், குடும்பத்தின் நிலையைக் கருதிக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 18. ஹைதர் அலியின் படைகளுக்கு எதிரே போரிட்டார். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். 1792-இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாரமஹாலின் வருவாய்ப் பணிக்கு அனுப்பப்பட்டார். கிராமம் கிராமமாகச் சென்று நிலத்தை அளந்து, ஒவ்வோர் உழவனோடும் நேராக வரி பேசும் முறை இங்கேதான் உருப்பெற்றது. பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறையின் தொட்டில் நம் பாரமஹாலே.

பாரமஹாலில் ஏழாண்டுகள், கன்னடக் கடற்கரையில் ஓராண்டுக்கு மேல், பின் கடப்பை, பெல்லாரி முதலிய ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் 1807 வரை. மொத்தம் இருபத்தேழு ஆண்டுகள் அவர் தாயகத்தைக் காணவில்லை. பதினெட்டு வயதில் புறப்பட்டவர் 1808-இல் திரும்பி வந்தபோது நாற்பத்தேழை நெருங்கியிருந்தார். செவிப்புலனும் குன்றியிருந்தது. 1814-இல்தான் மணம் முடித்தார்.

1820-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநரானார். ஏணியின் உச்சி அது. 1826-இல் நோயுற்ற இளைய மகனோடு மனைவி இங்கிலாந்து திரும்பினார். மன்றோவும் பதவி விலகிச் செல்லவே விரும்பினார். பொறுப்பேற்க வேண்டியவர் வந்து சேரவில்லை. விடைபெறும் நோக்கில் தம் பழைய மாவட்டங்களுக்குச் சென்றவரை 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் வாந்திபேதி கொண்டு சென்றது.

அவர் நல்லெண்ணம் படைத்த அதிகாரி என்பதை இந்திய வரலாற்றாசிரியர் பலரும் ஒப்புவர். நாம் இங்கு நோக்குவது அதுவன்று. பெற்றோரின் கடனைத் தீர்க்கத் தொடங்கிய ஒரு பயணம், 'இன்னும் ஓர் ஆண்டு' என்ற சொல்லால் நீண்டு நீண்டு ஓர் ஆயுளையே விழுங்கியது. வெற்றி பெற்றவரின் கதையே இது. கோட்டையின் புனித மேரி ஆலயத்திலும் பிற கல்லறைத் தோட்டங்களிலும் இருபது வயதில் உறங்கிவிட்ட ரைட்டர்களுக்கு நினைவுச் சிலை கிடையாது.

மன்றோ தம்மையே விலையாகக் கொடுத்தார். ஆனால் நிதித் தொழிலில் விலையைப் பிறர் கொடுக்க நேர்வதும் உண்டு. அதற்குச் சென்னையே சான்று.

1906 அக்டோபர்: ஆர்பத்நாட்டின் வீழ்ச்சி

சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மதிப்போடு இயங்கிய மெர்ச்சன்ட் பேங்க். வணிகம், வங்கி, முதலீடு என எல்லாம் அதன் கையில் இருந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நகரின் ஐரோப்பிய வணிக உலகில் முதன்மையானவர். சர் பட்டம், வணிகர் சங்கத் தலைமை, சட்டமன்ற உறுப்பினர் பதவி ஆகிய அனைத்தும் அவரைத் தேடி வந்தன. ஓய்வு பெற்ற அலுவலரும், கைம்பெண்களும், சிறு சேமிப்பாளரும் அப்பெயரை நம்பித் தம் வாழ்நாள் சேமிப்பை ஒப்படைத்தனர்.

அப்பணத்தில் பெரும்பகுதி இலண்டனிலிருந்த கூட்டாளி பாட்ரிக் மக்ஃபாடியன் வழியே அயல்நாட்டு ஊக முயற்சிகளில் சிக்கியிருந்தது. 1906 அக்டோபரில் மக்ஃபாடியன் இலண்டனில் இரயிலின் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. சர் ஜார்ஜுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. சேமித்தவர்களுக்கோ இழந்த பணத்தில் ஒரு சிறு பங்கே திரும்பியது. உள்நாட்டாரின் பணத்துக்கு உள்நாட்டாரின் வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றதன் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது.

சுபைர் (ரலி) அவர்களின் வரலாற்றை இதன் அருகே வைத்துப் பாருங்கள். இருவரிடமும் மக்கள் நம்பிக்கையோடு பொருளைக் கொடுத்தனர். ஒருவர் தொடக்கத்திலேயே இழப்பைத் தம் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். மற்றவர் இழப்பைக் கொடுத்தவரின் தோளுக்குத் தள்ளிவிட்டார். முன்னவரின் மகன் நான்காண்டுகள் கடன்காரரைத் தேடினார்கள். பின்னவரின் கடன்காரர்கள் நீதிமன்ற வாசலில் அவரைத் தேடினார்கள்.

இன்றைய விலைப்பட்டியல்

இக்காலத்தில் கப்பல் பயணமோ வாந்திபேதியோ இல்லை. ஆயினும் விலை குறைந்துவிடவில்லை. அது மணிக்கணக்காக உருமாறியுள்ளது. 2013 ஆகஸ்டில் இலண்டனின் பெரும் வங்கி ஒன்றில் பயிற்சி பெற்றுவந்த 21 வயது இளைஞர் தம் தங்குமிடத்தில் இறந்து கிடந்தார். வலிப்பு நோயே காரணம் என மரண விசாரணை கூறியது. மிகுந்த களைப்பு அதனைத் தூண்டியிருக்கக் கூடும், ஆயினும் உறுதி செய்ய இயலாது என்றும் கூறியது. 2015-இல் கோல்ட்மேன் சாக்ஸ் தன் கோடைக்காலப் பயிற்சியாளர்கள் நள்ளிரவுக்கும் காலை 7 மணிக்கும் இடையே அலுவலகத்தில் இருக்கலாகாது என விதித்தது. அதாவது 17 மணி நேரம் இருக்கலாம்! 2021-இல் அதே வங்கியின் முதலாண்டு அனலிஸ்டுகள் 13 பேர் தமக்குள் எடுத்த கணக்கு வெளியாயிற்று. அவர்கள் வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் உழைத்து, இரவில் 5 மணி நேரம் உறங்கினர். 2024-இல் ஜே.பி. மார்கன் இளநிலை வங்கியாளர்களின் உழைப்பைப் பெரும்பாலான சமயங்களில் வாரத்துக்கு 80 மணி நேரமாக வரையறுத்தது.

80 மணி என்பது சீர்திருத்தமாகக் கருதப்படும் ஒரு தொழிலில் தொழுகைக்கும், தாயின் கட்டிலருகே அமர்வதற்கும், குழந்தையின் முதற் சொல்லைக் கேட்பதற்கும் எந்த மணியை ஒதுக்குவது? உடலுக்கும் குடும்பத்துக்கும் மனிதன் மீது உரிமை உண்டு என்ற பாடத்தை ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) ஆகியோரின் நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது. அங்கே மிகையானது வணக்கம். வணக்கத்தின் மிகையே குடும்பத்தின் உரிமையைப் பறிக்கலாகாது எனில், வணிகத்தின் மிகை பறிக்கலாமா?

இஸ்லாமிய வங்கித்துறை இதற்குத் தீர்வல்லவா எனச் சிலர் கேட்கலாம். எகிப்தின் மித் ஃகம்ரில் 1963-இல் தொடங்கிய முயற்சி, 1975-இல் துபாய் இஸ்லாமிய வங்கி, இன்று மலேசியாவிலும் வளைகுடாவிலும் வளர்ந்துள்ள சுகூக் சந்தை ஆகியவை வட்டியைத் தவிர்க்க விழைவோர்க்கு ஒரு வழியைத் திறந்துள்ளன. அது பெரும் பேறே. ஆனால் ஒப்பந்தத்தின் பெயர் மாறியதால் இரவின் நீளம் மாறிவிடாது. சுகூக் தயாரிக்கும் இளைஞரும் நள்ளிரவில்தான் வீடு திரும்புகிறார். ஆகுமானதை ஈட்டுவது பாதிக் கடமை. ஈட்டும் வழியில் பிறர் உரிமைகளைக் காப்பது மீதிக் கடமை.

தந்தைக்குச் சொன்ன விடை

நிதித் தொழிலை முற்றாக வெறுத்து ஒதுக்குவது நம் கருத்தன்று. ஓசூரின் ஆலைகள் யாரோ திரட்டித் தந்த முதலால் எழுந்தவை. டைட்டன் நிறுவனம் 1984-இல் டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் இணைந்து தொடங்கியது. ஊர்தோறும் சிதறிக் கிடக்கும் சிறு பணத்தைத் தொழிலாக மாற்றும் கலை சமுதாயத்துக்குத் தேவையானது. அக்கலையில் அமானிதத்தை அறிந்த ஒருவர் இருப்பது நல்லதே.

தவணை முடிந்து வந்த அத்தந்தையிடம் நாம் சொன்னவை மூன்று. முதலாவது, மகன் எந்தப் பிரிவில் பணி செய்கிறார் எனக் கேட்டறியுங்கள். வட்டிக் கடனை எழுதுவதும், ஆகுமான தொழிலுக்குப் பங்கு முதல் திரட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, போவதானால் எத்தனை ஆண்டுகள் என்பதை இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மன்றோவின் வாழ்வு நமக்குக் காட்டுவது, முடிவு நாள் குறிக்கப்படாத பயணத்தை மரணமே முடித்து வைக்கும் என்பது. மூன்றாவது, தாம் பெறும் ஊக்கத்தொகைக்கு உரிய இழப்பை யார் சுமக்கிறார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அவர் தம்மையே வினவ வேண்டும்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இதை நான் சொன்னால் கேட்பானா ஹஜ்ரத்? நீங்களே சொல்லுங்கள்" என்றார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் மகனே வந்தார். கண்களில் உறக்கம் தேங்கியிருந்தது. சுபைர் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கூறினோம். இலண்டனைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: "கடனெல்லாம் தீர்ந்த பிறகும் எதற்கு நான்கு வருடம் காத்திருந்தார்கள்?"

எவரும் விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காக என்றோம். மறுமையில் ஆயுளைப் பற்றியும், இளமையைப் பற்றியும், பொருள் வந்த வழியையும் சென்ற வழியையும் பற்றியும் வினவப்படாமல் அடியானின் பாதங்கள் நகரா என்பது நபிமொழியின் கருத்து. அக்கணக்கில் விடுபட்டவர்களின் பட்டியலில் பெற்ற தாய், தந்தையரின் பெயர் வந்துவிடாதிருக்க வேண்டும். அவர் எம்முடிவை எடுத்தாலும் அம்முடிவை இந்நினைவோடு எடுப்பாராயின், அதுவே நாம் விரும்புவது. வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களின் உழைப்பிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக.